சபர் போன மரைக்காயர் மகன்

செலண்டார் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் அபூசாலியைக் காட்டி, "இந்த மனுசன் மலாக்கா டவுனுக்குப் போனாலே அதிசயம்" என்று இப்போதுள்ள பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். லண்டனுக்குப் போனவன் சுவரில் படம் மாட்டியிருக்கிறான். மெட்ராசுக்குப் போனவன் மாலை மரியாதையோடு திரும்பியிருக்கிறான். ஆனால் இந்த ஜாசின் வட்டாரத்தில் பிறந்து, காபூல் மண்ணை மிதித்து, பனிமலை ஏறி, ஒட்டகத்தின் பின்னால் நடந்து திரும்பி வந்தவன் ஒரே ஒருத்தன்தான். அவன் செலண்டார்க்காரன். படித்தவர்கள் எத்தனை புத்தகம் போட்டாலும் இந்தக் கதை அவர்களுக்குக் கிடைக்காது. கிடைக்கிற இடம் இதுதான்.

அபூசாலியின் வாப்பா நெய்னா மரைக்காயர், தொண்டிக் கரையிலிருந்து கட்டிய வேட்டியோடு கப்பலேறி வந்தவர். சுற்று வட்டாரத்து ரப்பர்த் தோட்டச் சனம் எல்லாம் மிளகாய், புளி, கருவாடு என்று அவர் கடைக்குத்தான் வரும். பள்ளிக்கூடம் விட்டதும் பையன் கடைப்பலகையில் உட்கார்ந்து பாடம் படிப்பான். எங்கே படித்தான்? கேள்விதான் கேட்டான்.

"இந்தப் பேரீச்சம்பழம் எங்கேருந்து வருது வாப்பா?"

"பஸ்ரா."

"இந்தப் பெருங்காயம்?"

"காபூல்."

"காபூல்லே அது எந்த மரத்துலே காய்க்குது?"

"காய்க்குதோ பூக்குதோ, நம்ம கடைக்கு வந்தாச் சரி. பொட்டலத்தை எடுத்து மடி."

"நீங்க போய்ப் பாத்ததே இல்லையா?"

"விக்கிறவன் எவன்டா போய்ப் பாத்தான்?"

விதை விழுந்தது அங்கேதான்.

நம் சனத்தில் பயணம் என்றால் ஒரு காரணம் வேண்டும். வியாபாரத்துக்குப் போகலாம், படிக்கப் போகலாம், பெண் பார்க்கப் போகலாம், கோயில் குளம், மக்கா மதினா என்று போகலாம். சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்புகிறவனைச் சந்தேகத்தோடுதான் பார்ப்போம். பாய்மார்கள் பேச்சில் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்: சபர். கடைக்காரன் போனாலும் சபர், கால் போன போக்கில் போனாலும் சபர். இந்தச் சொல்லை மடியில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு மனிதரின் கழுத்துக்குக் கயிறாக வந்தது இதுதான்.

மரைக்காயர் மகனை மெட்ராசில் காலேஜில் சேர்த்தார். விடுமுறை வந்தது. கூடப் படித்தவர்கள் நாகூருக்கும் ஏர்வாடிக்கும் கிளம்ப, இவன் வடக்கே போகிற ரயிலில் ஏறினான். லாகூர், பெஷாவர், அப்புறம் ஆட்டுத்தோல் மூட்டையோடு மூட்டையாக லாரியில் கைபர் கணவாய். "மலையேறப் போறேன், வாப்பாவை துஆ செய்யச் சொல்லுங்க" என்று பெஷாவரில் ஒரு வியாபாரியிடம் சொல்லிவிட்டான். அந்தச் சொல் வாய் மாறி வாய் மாறி, மெட்ராஸ் கப்பலில் வந்த ஒரு சொந்தக்காரர் மூலம் செலண்டாருக்கு வந்து சேர்ந்தது. வரும்போது அதில் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: மலையேறப் போகிறான்.

அந்த மலை நாட்டில் ஒரு வழக்கம். வழிப்போக்கன் வந்தால் மூன்று நாளைக்கு "நீ யார், எங்கிருந்து வருகிறாய்" என்று யாரும் கேட்க மாட்டார்கள். ரொட்டியை வைப்பார்கள், தேநீர் ஊற்றுவார்கள், விறகைத் தள்ளுவார்கள், அவ்வளவுதான். அபூசாலிக்கு அது சொர்க்கம். அப்படியே வடக்கே வடக்கே போய்ப் பெருங்காயத்தையும் பார்த்துவிட்டான். திரும்புகிற வழியில் விஷக் காய்ச்சல் பிடித்துப் படுத்தான். எழுந்தபோது பனி விழுந்து பாதை அடைபட்டிருந்தது. இடது காலில் இரண்டு விரலைப் பனி தின்றுவிட்டது. காலேஜ் போயிற்று, அந்த வருடமும் போயிற்று. தாடியும் எலும்புமாக மெட்ராஸ் வந்து, பினாங்குக்குக் கப்பலேறி, தம்பினில் ரயில் இறங்கி, செலண்டார் பஸ்ஸைப் பிடித்தான்.

அவன் விட்டுப் போன செலண்டார் அங்கே இல்லை. வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் முற்றியிருந்த நேரம். கம்யூனிஸ்டுக்காரர்கள் காட்டுக்குள்ளே, பட்டாளம் ரோட்டிலே. தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி. வேலைக்காட்டுக்குப் போகிற பெண்பிள்ளையின் முந்தானையைக்கூடக் காவலுக்கு நிற்கிறவன் உதறிப் பார்ப்பான், காட்டுக்காரர்களுக்குப் பிடி சோறு போகிறதா என்று. ஒரு பையன் காணாமல் போனால் மறுபேச்சே கிடையாது. காட்டுக்குப் போய்விட்டான், முடிந்தது.

பஸ் விட்டு இறங்கியவன் கண்ணில் முதலில் பட்டவள் இருசம்மாள். தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டுகிறவள், அவர்கள் கடையின் பழைய வாடிக்கை. அவனைப் பார்த்ததும் தலையில் இருந்த வாளி கீழே விழுந்து உருண்டது.

"யாரு... மரைக்காயர் மகனா?"

"ஆமாக்கா. நல்லா இருக்கியா?"

அவள் அவன் சட்டையைப் பிடித்து ஓலைக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். "எப்ப தம்பி இறங்குனே?"

"இப்பத்தாங்கா."

"யாரும் பாக்கலையே?"

"ஏன் பாக்காம? நிக்க எடமில்லே, அவ்ளோ கூட்டம்."

இருசம்மாள் ரோட்டை எட்டிப் பார்த்தாள். "அம்புட்டுப் பேருமா இறங்கிட்டீங்க?"

"பஸ்ஸுன்னா கூட்டம் இருக்காதாக்கா?"

"பஸ்ஸா? மலையிலேருந்து பஸ்ஸா விடுறானுவ?"

"எந்த மலை?"

"எங்கிட்ட மறைக்காதடா. லெடாங் மலைதான், வேற எந்த மலை?" என்றவள், இடுப்புச் செருகலிலிருந்து அவித்த மரவள்ளிக்கிழங்குத் துண்டு ஒன்றை எடுத்து அவன் கையில் திணித்தாள். கேட்டில் பிடித்திருந்தால் அந்தத் துண்டுக்கே அவளை உள்ளே தள்ளியிருப்பான். "தின்னு. காட்டுலே என்னத்தைத் தின்னியோ, எலும்பாப் போயிட்டே. நாளைக்கு ஒங்க ஆளுங்க தோட்டத்துக்கு வந்தா, இருசம்மா நல்லவன்னு ஒரு வார்த்தை சொல்லி வை."

சிரிப்பு வந்தது அபூசாலிக்கு. சிரிக்க வாயைத் திறந்தவனைப் பார்த்து அவள் சொன்னாள்: "சிரிக்காதடா பாவி. ஒன்னாலேதான் ஒங்கப்பாரு உள்ளே கெடக்காரு. வர்ற கப்பல்லே ஊருக்கு ஏத்தப் போறாங்களாம்."

கிழங்கைக் கையில் பிடித்தபடியே அபூசாலி வீட்டைப் பார்த்து ஓடினான்.

கடைக்கதவில் போலீஸ் முத்திரை. பின்பக்கம் சுற்றி வீட்டுக்குள் போனான். உம்மா அவனைப் பார்த்து அலறவில்லை. முகத்தைத் தடவினாள், தாடியைத் தடவினாள், குனிந்து விரல் இல்லாத காலையும் தடவினாள். பிறகு கேட்ட முதல் கேள்வி: "துப்பாக்கி எங்கேடா வச்சிருக்கே?"

"உம்மா! நான் காபூல்லேருந்து வரேன்."

"எங்கிட்டயுமா?"

பெற்றவளே நம்பவில்லை. வேறு யார் நம்புவார்கள்? அழுது முடித்து அவள் நடந்ததைச் சொன்னாள்.

"வெள்ளைக்காரத் துரை வந்தான். கூட, அவனுக்குப் பேச்சு மாத்திச் சொல்ற அந்தப் போலீஸ் கிராணி தம்புசாமி. ஒன் மவன் எங்கேன்னு கிராணி தமிழ்லே கேட்டாரு. வாப்பா சபருங்கன்னாரு. கிராணி இங்கிலீசுலே சொன்னாரு, துரை மொகம் செவந்து போச்சு. மறுபடியும் கேட்டாங்க. சபருதாங்க, வேற என்னத்தைச் சொல்லன்னாரு. துரை கடைப்பலகையை ஓங்கித் தட்டினான். கிராணிக்கு என்ன கோவங்கிறே! 'துரை கேக்கிறாரு, சாபார் சாபாருங்கிறியே, அவரு ஒனக்காகப் பொறுமையா நிக்கணுமா'ன்னு கத்தினாரு. எனக்கு ஒண்ணும் விளங்கலே. கடைசியிலே எந்த ஊருன்னு கேட்டாங்க. ஊரு தெரியாதுங்க, மலையேறப் போறேன்னு சொல்லிவிட்டிருக்கான்னாரு. அவ்வளவுதான். வெலங்கை மாட்டிட்டாங்க."

அபூசாலி தலையில் அடித்துக்கொண்டான். மலாய்ப் பேச்சில் சாபார் என்றால் பொறுமை. வாப்பா சொன்னது பயணம். கிராணி காதில் விழுந்தது 'பொறு துரை'. போலீஸ் மெட்ராஸ் காலேஜுக்கு எழுதிக் கேட்டதற்கு ஆள் இங்கே இல்லை என்று பதில். சொந்தக்காரர் கொண்டு வந்த மலையோ, செலண்டாரில் நிமிர்ந்து பார்த்தாலே தெரிகிற லெடாங்காகிவிட்டது. மகன் கம்யூனிஸ்டு, அப்பன் அவனுக்கு அரிசி கொடுப்பவன். முடிச்சுப் போட்டாயிற்று.

"நீ ஓடிப் போயிரு" என்றாள் உம்மா. "வாப்பா ஊருக்குத்தானே போவாரு. ஒன்னைப் பிடிச்சாத் தூக்குலே போட்டிருவாங்க."

"வாப்பாவுக்கு நெஞ்சுவலி இருக்கே உம்மா. கப்பல் தாங்குமா?"

தாங்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும். கட்டிய வேட்டியோடு வந்து கடை கட்டிய மனுசனைக் கட்டிய வேட்டியோடு திருப்பி அனுப்பினால், கடல் பாதி, அவமானம் பாதி, தொண்டிக் கரைக்கு மய்யத்துதான் போய்ச் சேரும்.

அபூசாலி வாப்பாவின் வெள்ளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டான். மடியில் துணிப் பொட்டலம் ஒன்றைக் கட்டிக்கொண்டான். உம்மா காலைப் பிடித்தாள். விலக்கிவிட்டு நடந்தான்.

ஸ்டேஷன் வாசலில் காவலுக்கு நின்றவன் தாடியைப் பார்த்ததும் துப்பாக்கியை நீட்டினான். கையைத் தூக்கிக்கொண்டே அபூசாலி இங்கிலீஷில் சொன்னான்: "நீங்கள் தேடுகிற ஆள் நான்தான்."

துரை முன்னால் நிறுத்தினார்கள். பக்கத்தில் தம்புசாமி. கஞ்சி போட்ட சட்டை, பொன் பூண் போட்ட பேனா, பேச்சு மொழிபெயர்த்தே மயிர் நரைத்த மனுசன். கதவோரம் மலாய் சார்ஜன் ஒருவர்.

"எப்போது மலையிலிருந்து வந்தாய்?" என்றான் துரை.

"வேறு மலை, சார்." பாஸ்போர்ட்டை வைத்தான். ஆற்றில் நனைந்து ஊறிய பாஸ்போர்ட். முத்திரையெல்லாம் நீலக் கறையாகப் பரவிக் கிடந்தது. துரை புரட்டினான். மெட்ராஸ் தெரிந்தது, பினாங்கு தெரிந்தது, நடுவில் இருந்ததெல்லாம் சேறு. "மெட்ராசிலிருந்து திருட்டுத்தனமாகத் திரும்பி வந்து மலைக்குப் போயிருக்கலாம். மறுபடி போய் மறுபடி வந்திருக்கலாம். உன் அப்பன் ஏன் பதில் சொல்லவில்லை?"

"சொன்னார், சார். சபர் என்று சொன்னார். பயணம் என்று அர்த்தம். உங்களுக்குத் தப்பாக வந்து சேர்ந்திருக்கிறது."

தம்புசாமி முகம் கறுத்தது. "தமிழிலே அப்படி ஒரு வார்த்தையே கிடையாது துரை" என்றார் இங்கிலீஷில். அப்புறம் தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு: "எனக்கே தமிழ் சொல்லித் தரியா? ஒங்க வீட்டுத் தமிழெல்லாம் கவர்மெண்டுத் தமிழாடா?"

"எங்க வீட்டுத் தமிழும் தமிழ்தான் ஐயா. அதுலேதான் வாப்பா பதில் சொன்னாரு."

துரை இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். கிராணியை நம்புவானா, தாடிக்காரனை நம்புவானா? வாப்பாவின் உயிர் ஒரு சொல்லில் தொங்குகிறது. அந்தச் சொல்லுக்குச் சாட்சி சொல்ல உலகத்தில் ஆளில்லை. கதவுப் பக்கம் திரும்பி, கடைசி முயற்சியாக மலாய்க்காரரைக் கேட்டான்: "என்சேக், முசாபிர் என்றால் என்ன?"

"பயணம் போகிறவன்" என்றார் சார்ஜன். சொல்லிவிட்டு அவரே துரை பக்கம் நிமிர்ந்தார். "ஆமாம் துவான்! சஃபர், முசாஃபிர். தமிழாளுக்கு அந்த எழுத்து வாயிலே வராது, சபர் என்றுதான் வரும். குர்ஆன் ஓதத் தெரிந்தவனுக்கெல்லாம் தெரிந்த சொல்தான்."

தம்புசாமி பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"சரி, சொல் போகட்டும்" என்றான் துரை. "மலை? எதற்குப் போனாய்? யார் அனுப்பினார்கள்?"

"யாரும் இல்லை. பெருங்காயம் பார்க்கப் போனேன்."

இங்கிலீஷில் அதற்கு என்ன பெயர் என்று அவனுக்கு அந்த நேரத்தில் வரவில்லை. 'பெருங்காயம்' என்று தமிழிலேயே சொல்லிவிட்டான். துரை தம்புசாமியைப் பார்த்தான். தம்புசாமி பாவம், சாம்பாருக்குப் போடுகிற சாமானை எப்படி விளக்குவார்? "சமையலுக்கு... ஒரு மாதிரி... நாற்றம், துரை" என்றார்.

"நாற்றம் பார்க்கவா அவ்வளவு தூரம் போனாய்?"

அபூசாலி மடிப் பொட்டலத்தை மேசையில் அவிழ்த்தான். வாப்பாவுக்கென்று மலையிலிருந்து சுமந்து வந்த பச்சைப் பெருங்காயம். மாவு கலக்காதது, மண்ணும் ரோமமும் ஒட்டிக் கிடந்தது. ஸ்டேஷன் முழுக்க வாடை எழுந்தது. துரை மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். வாசல் காவலாள் என்னவோ ஏதோ என்று துப்பாக்கியோடு ஓடி வந்தான்.

"சார், இது மரத்தில் காய்ப்பது இல்லை. செடியின் கிழங்கைத் தோண்டி, தலையைச் சீவிவிட்டால் பால் வடியும். காய்ந்ததும் சுரண்டி எடுத்துவிட்டு, மறுபடி மெல்லிசாகச் சீவுவார்கள். மறுபடி பால் வரும். நம் தோட்டத்தில் ரப்பர் வெட்டுகிற மாதிரியே, சார். அங்கேயும் கத்தி வளைவாகத்தான் இருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்குச் செலண்டார் ஞாபகம் வந்து அழுதேன்."

லெடாங் காட்டிலிருந்து இறங்கியவன் எவனுக்கும் இப்படி ஒரு பொய் தோன்றாது என்று துரைக்கே பட்டிருக்க வேண்டும். அலமாரியிலிருந்து பெரிய வரைபடப் புத்தகத்தை எடுத்து விரித்தான். "இடத்தைக் காட்டு. சரியாகக் காட்டினால் உன் அப்பன் போகலாம்."

அபூசாலி விரலை நீட்டினான். நீட்டிய விரல் பாதியில் நின்றது. பெருங்காயம் பார்த்த இடத்துக்கு அரை விரல் மேலே ஒரு ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கம்யூனிஸ்டு ரஷ்யா.

தம்புசாமிக்கும் வரைபடம் தெரியும். மேசையில் எதையோ அடுக்குகிறவர்போலக் குனிந்து, தமிழில் முணுமுணுத்தார்: "தம்பி, அந்த ஆத்துப் பக்கம் போகாதே. கெட்டுப்போவே. ஞாபகமில்லேன்னு சொல்லிரு."

"ஞாபகமில்லேன்னா வாப்பாவை விடுவாங்களாய்யா?"

"எடத்தைக் காட்டாம விட மாட்டான்."

"கொஞ்சம் தள்ளிக் காட்டினா?"

"விசாரிக்க எழுதிப் போடுவான். பொய்யின்னு தெரிஞ்சா ரெண்டு பேரும் போச்சு."

"அப்ப?"

இத்தனை காலம் எல்லாருக்கும் பேச்சு மாற்றிக் கொடுத்த மனுசனுக்கு அந்த இடத்தில் ஒரு சொல் அகப்படவில்லை.

அபூசாலி விரலை வைத்தான். துரையின் பென்சில் அந்த விரலைத் தொட்டு, மெல்ல மேலே ஏறி, ஆற்றில் நின்றது. "இதைத் தாண்டினாயா?"

"இல்லை. கரையில் நின்று பார்த்தேன்."

"எதை?"

"அந்தப் பக்கத்தை."

"ஏன்?"

ஏன் என்றால் என்ன சொல்வது? மலைக்காரர்கள் மூன்று நாள் வரை கேட்காத கேள்வி எல்லாவற்றையும் துரை ஒரே மூச்சில் கேட்டான். யாரைச் சந்தித்தாய், எந்தக் கட்சி, யார் செலவு. "பார்க்கத்தான் போனேன், சார்" என்று அபூசாலி சொன்னான். திருப்பித் திருப்பிச் சொன்னான். குரல் உடைகிற வரைக்கும் சொன்னான். பார்க்க மட்டுமே ஒருவன் போவான் என்பதை மொழிபெயர்க்க அந்த அறையில் ஆளில்லை.

சொன்னபடி மரைக்காயரை விடுதலை செய்து கூட்டி வந்தார்கள். சட்டை தொளதொளவென்று தொங்கியது. வாசல்படியில் மகனுக்கு விலங்கு மாட்டிக்கொண்டிருந்தார்கள், அப்பனுக்கு மாட்டிய அதே விலங்குதான். அப்பனும் மகனும் நேருக்கு நேர். பெரியவர் வாய் கோணியது. அழுகையா, நெஞ்சுவலியா, யாருக்குத் தெரியும்? ஒரே ஒரு சொல் வந்தது.

"சபரு... செய்யி வாப்பா."

செல்லமாக இருக்கும்போது மகனையும் வாப்பா என்றுதான் கூப்பிடுவார். பாய்மார்கள் பேச்சில் பொறுமைக்கும் ஒரு சொல் உண்டு, சபுரு. எழுதினால் ஒரு கீற்றுதான் வித்தியாசம். அழுகிற வாயில் அந்தக் கீற்றும் கரைந்துவிடும்.

"என்ன சொல்கிறான்?" என்றான் துரை.

தம்புசாமி மரைக்காயரைப் பார்த்தார், விலங்கைப் பார்த்தார். "எனக்கு விளங்கலே துரை" என்றார். அவர் வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்த வார்த்தையைச் சொன்னது அன்றைக்குத்தான்.

அபூசாலியைத் தடுப்புக் காவல் முகாமில் அடைத்தார்கள். வெளியே விட்டபோது, செலண்டாரை விட்டு நகரக் கூடாது, வாராவாரம் ஸ்டேஷனில் முகம் காட்ட வேண்டும் என்று கட்டளை. பாஸ்போர்ட் போனது போனதுதான். கைபர் கணவாய் தாண்டியவன் மலாக்கா டவுன் வழியில் இருக்கிற ஆயர் குரோவைத் தாண்ட முடியாமல் கிடந்தான். இருசம்மாள் மட்டும் கடைசி வரைக்கும் மாறவில்லை. "அந்த மலைப் பெருங்காயம் ஒரு கட்டி குடு தம்பி" என்று கண்ணைச் சிமிட்டித்தான் கேட்பாள். அவளுக்கு மலை என்றால் லெடாங்தான்.

முகாமிலிருந்து வந்த அன்றைக்கு அபூசாலி கடைப்பலகையில் வாப்பாவுக்கு எதிரே போய் உட்கார்ந்தான்.

"அன்னைக்கு வாசல்லே எதைச் சொன்னீங்க வாப்பா? பொறுக்கச் சொன்னீங்களா, போகச் சொன்னீங்களா?"

மரைக்காயர் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பச்சைப் பெருங்காயக் கட்டியை, ஸ்டேஷனிலிருந்து எப்படியோ கேட்டு வாங்கி வந்து கண்ணாடிப் பரணியில் போட்டு வைத்திருந்தார். விற்பனைக்கு இல்லை. அதைத் தூசி தட்டி மேல்தட்டில் வைத்துவிட்டு, கீழே கிடந்த மாவுப் பெருங்காயத்தை மகன் பக்கம் தள்ளினார்.

"ஆளு காத்துக்கிட்டு நிக்குது. எடுத்து மடி."